உள்ள யாருலே இருக்கா?

ஒரு பச்சைப் புள்ளி மேல் எனக்குப் பொறாமை. கடுகளவுதான் இருக்கும். போன் திரையில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அது வருவதற்கு முன்னால் அதன் வேலையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. ஆனால் நான் இல்லாமல் நடக்காது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே வேலை அது.

கட்டம் கட்டமாகக் கல்லை அடுக்கி வீடு, காடு, ஊர் எல்லாம் கட்டுகிற ஆன்லைன் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு எங்களுக்கென்று ஒரு சர்வர் இருக்கிறது. தென்காசியில் என் கூட்டாளி வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கூட்டாளி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். அவன் இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் போட்டான். இப்போது அவன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எலக்ட்ரிக் கடையில் நிற்கிறான். நான் ஐந்தருவியில் அத்தை கடையில். துண்டு, எண்ணெய், சீயக்காய், சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான். குளிக்கப் போகிறவர்களின் பை, போன், கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதும் என் பொறுப்பு. பத்திரம் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரில் பதினைந்து பேர் இருக்கிறோம். பேரெல்லாம் எழுத மாட்டேன். எழுதினால் அடி விழும், அதுவும் தெரிந்த கைகளால். செங்கோட்டையில் மரக்கடையில் இருக்கிறவன் ஒருத்தன். போலீஸ் வேலைக்காகக் காலையில் மட்டும் ஓடிவிட்டு மற்ற நேரமெல்லாம் படுத்திருக்கிறவன் ஒருத்தன். வடக்கே எல்லையில் ராணுவத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர், சிக்னல் கிடைக்கும்போது எட்டிப்பார்ப்பார். விளையாட்டுக்குள் தனியாகப் போனால் திருவிழா முடிந்த மறுநாள் தெருவில் நடப்பதுபோல் இருக்கும். அதனால் போவதற்கு முன் எல்லாரும் குரூப்பில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "உள்ள யாருலே இருக்கா?"

பதில் சொல்வது நான்தான். துண்டு விற்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் என் போன் சர்வருக்குள்ளேயே கிடக்கும். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதுவேன்.

"செங்கோட்டையான் வந்துட்டான். கையில கோடாலி இருக்கு. ஆடு வச்சிருக்கவன்லாம் ஆட்டைப் பிடிச்சுக் கட்டுங்க."

"வருங்கால போலீஸ், பக்கத்து வீட்டுப் பெட்டியத் திறந்து இரும்பு எடுக்கான். டிரெய்னிங் நல்லாப் போவுது."

"கூட்டாளி வீட்டுல கரண்ட் போச்சு. உலகம் அழிஞ்சுட்டு. எல்லாரும் போயி வேலையப் பாருங்கலே."

ராணுவத்து அண்ணன் ஒருதடவை குரல் பதிவு அனுப்பினார். "ஏலே, ஒன் செய்தி கேக்கத்தாம்லே பனியில நின்னுக்கிட்டு சிக்னல் பிடிக்கேன்." அதைப் பதினோரு தடவை கேட்டேன். அத்தைக்கும் போட்டுக் காட்டினேன். "பாவம், அங்கன அந்தப் பிள்ளைக்கு வேற பொழுதுபோக்கு இல்ல போல," என்றாள்.

கூட்டாளி தினமும் காலை பத்து மணிக்குக் கேட்பான். கடையைத் திறந்து, விசிறிப் பெட்டிகளின் தூசியைத் தட்டிவிட்டு, முதலாளி வருவதற்குள் கேட்டுவிடுவான். "உள்ள யாருலே இருக்கா?" அவன் உள்ளே வரப்போவதில்லை, கடையில் போனை நோண்ட முடியாது. இருந்தாலும் கேட்பான். உள்ளே நான் மட்டும்தான் இருப்பேன் என்று அவனுக்கும் தெரியும். "நானும் ஒரு கோழியும்," என்று எழுதுவேன். ஒரு சிரிப்புப் படம் வரும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

இப்படி இருக்கும்போது சுந்தரபாண்டியபுரத்துக்காரன் வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன். கண்ணாடி. கூட்டாளி கடைக்கு ஒயர் வாங்க வந்தவன், பேச்சுவாக்கில் சர்வருக்குள்ளேயும் வந்துவிட்டான். என்னைவிட ஒரு வயசுதான் சின்னவன், ஆனால் என்னை "அண்ணே" என்பான். திட்டுவதற்கு ஒரு பிடியும் கொடுக்காத ஆள்களை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுக்குள் கூட்டாளி குற்றாலத்தைக் கட்டியிருந்தான். மலை உச்சியில் பெரிய தொட்டி, அதற்கு ஒரு மதகு, மதகிலிருந்து ஐந்து பிரிவாக விழும் ஐந்தருவி. அருவிக்குக் கீழே சரிவில் நல்ல காலி நிலம். அங்கே ஒரு துண்டுக் கடை போட இடம் கொடு என்று நான் இரண்டு மாதமாகக் கேட்டிருந்தேன். "பெறவு பாப்போம் மாப்ள," என்றே சொல்லிவந்தான். வந்த இரண்டாம் வாரத்தில் அந்த நிலம் சுந்தரபாண்டியபுரத்தானுக்குப் போனது. அவன் அதில் சூரியகாந்தி போட்டான். அவன் ஊர்ச் சூரியகாந்தி வயலில் வருஷா வருஷம் கார்களை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுப்பார்களே, அதே மாதிரி. அந்த விளையாட்டில் சூரியகாந்தி எப்போதும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். அத்தனை பூவும் ஒரே பக்கம் பார்த்து நின்றது அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

"என்னலே, பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்க மாதிரி நிக்கி," என்று குரூப்பில் எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவன் குரூப்பில் ஒரு இணைப்பைப் போட்டான். தொட்டால் ஒரு பக்கம் திறந்தது. எங்கள் பதினைந்து பேரின் பேரும் வரிசையாக இருந்தது. உள்ளே இருக்கிறவனுக்குப் பச்சைப் புள்ளி, இல்லாதவனுக்குச் சாம்பல். பக்கத்தில் எங்கே நிற்கிறான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்ற தகவல். கீழே யார் வந்தான், யார் செத்தான், யார் எதைத் திறந்தான் என்று வரி வரியாக ஓடியது. சர்வர் நின்றுபோனால் மேலே சிவப்புப் பட்டை. எதையும் தட்ட வேண்டாம், ஐந்து விநாடிக்கு ஒருதடவை தானே மாறிக்கொண்டது.

"போர்டு," என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"அண்ணே," என்று எனக்குத் தனியாக எழுதினான். "நீங்க கடையில இருந்துக்கிட்டு எல்லாருக்கும் பதில் சொல்லிக் கஷ்டப்படுதீய. அதுக்காகத்தாண்ணே செஞ்சேன்."

என்னைக் காப்பாற்றுகிறானாம். 'நல்லதுப்பா' என்று எழுதிவிட்டு, ஒரு ரம்புட்டானைத் தோலோடு கடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. போனை ஒருதடவை அணைத்துப் போட்டும் பார்த்தேன். கூட்டாளி கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? போர்டில் என் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, 'கோழிக்கூண்டு, 40 நிமிடம்' என்று இருக்கும். பார்த்திருப்பான். கோழி இருக்கிற விவரம் மட்டும் அதில் வராது.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். "என்ன மாப்ள, ஆளையே காணும்?"

"இங்கனதாம்லே இருக்கேன். போர்டுதான் எல்லாம் சொல்லுதே, ஒன்னத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேன்."

அந்தத் தொந்தரவுக்காகத்தான் நான் தினமும் குளித்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "சரிலே," என்று வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க போர்டின் மேல் குற்றம் கண்டுபிடிப்பதே என் தொழில். விளையாட்டுக்குள் ஆட்டுக் கொட்டகையில் போய் நின்று, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தொடவே இல்லை. பிறகு குரூப்பில் எழுதினேன்.

"எல்லாரும் போர்டைப் பாருங்கலே. நான் ஒம்போது மணி நேரமா ஆட்டுக்குள்ள நிக்கேனாம். நான் கடையில இருந்தேன், சாப்பிட்டேன், ஒறங்கினேன், முடி வெட்டிட்டு வந்தேன். பச்சைப் புள்ளி அப்படியே இருக்கு. ஆளு போனாலும் இதுக்குத் தெரியாது. இதைப் போயி நம்புதீயளே, கோட்டிக்காரப் பயலுவளா!"

சுந்தரபாண்டியபுரத்தான் உடனே பதில் போட்டான். "சரியாச் சொன்னீங்கண்ணே. அசையாம நின்னா மஞ்சளாகுற மாதிரி அடுத்த வாரம் மாத்திருதேன்."

கூட்டாளி அதற்கு ஒரு சிரிப்புப் படம் போட்டான். அவனுக்கு. என் கண்டுபிடிப்புக்கு இல்லை, அவன் திருத்தப்போகிறதுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் ஐந்து பிரிவிலும் தண்ணீர். கடை முன்னால் நிற்க இடமில்லை. அத்தை ஒரு கையால் துண்டு விற்று, இன்னொரு கையால் என்னை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீசனிலும் முதல் நல்ல தண்ணீருக்குக் கூட்டாளி வருவான். அத்தை அரை மணி நேரம் என்னை விடுவாள். இரண்டு பேரும் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, உதடு நீலமாகித் திரும்புவோம். அவனுக்கு எந்தப் பிரிவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே போலீஸ்காரர் விசில் அடிக்கும்வரை அவன் நகர மாட்டான் என்றும் தெரியும்.

அன்றைக்கும் வந்தான். வேகமாகக் கடைக்குள் நுழைந்து பையை எறிந்தான். போனை என் கையில் திணித்தான்.

"மாப்ள, பிடி. தண்ணி என்னமா விழுது பாத்தியா!"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

"நீ இருலே. கடையில கூட்டமா இருக்கு, அத்தை ஏசுவாவ," என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை உருவிக்கொண்டு போயேவிட்டான். "வாறியா" என்று கேட்கவில்லை. அத்தை ஏசுவாள் என்பது உண்மைதான். எல்லா வருஷமும் ஏசத்தான் செய்வாள்.

கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டேன். கையில் அவன் போன். அதன் பூட்டுக்கு என்ன கோடு போட வேண்டும் என்று என் விரலுக்கே தெரியும். திறந்தேன். முதலில் தெரிந்தது போர்டு. அதை அவன் திறந்தே வைத்திருந்தான். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது போதும் என்று முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது.

அதில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. சுந்தரபாண்டியபுரத்தான், சூரியகாந்தித் தோட்டம், 2 மணி நேரம்.

வீட்டில் உட்கார்ந்து பூவுக்குக் காவல் இருக்கிறான் என்று நினைத்தேன். நல்லது, கண்ணால் பார்க்கட்டும். கூட்டாளியின் கணக்கிலேயே விளையாட்டுக்குள் போனேன். மலை ஏறினேன். மதகு முன்னால் நின்றேன். நான் செய்தால் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். கூட்டாளி செய்ததாக இருந்தால்? அந்தக் கண்ணாடிக்காரன் கோபித்துக்கொண்டு போர்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவான். கூட்டாளி 'நான் இல்லை' என்பான், அவன் 'போர்டு சொல்லுதே' என்பான். அவன் போர்டு அவனையே கடிக்கும். பத்தாம் வகுப்புக்குமேல் படிக்காத மூளைக்கு இது பெரிய திட்டம்.

மதகைத் திறந்தேன்.

அந்த விளையாட்டில் தண்ணீர் பட்டால் செடி பிடுங்கிக்கொள்ளும். சரிவு முழுக்க வெள்ளம் இறங்கியது. கிழக்கே பார்த்து நின்ற பூவெல்லாம் வரிசை வரிசையாகப் பிய்ந்து மிதந்து போனது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். தோட்டத்து நடுவில் அவன் பொம்மை நின்றுகொண்டிருந்தது. கழுத்துவரைக்கும் தண்ணீர். நகரவில்லை. ஒரு சொல் எழுதவில்லை. 'பயந்து போயிட்டாம்போல' என்று சந்தோஷப்பட்டேன். ஆட்டுக் கொட்டகையில் ஒன்பது மணி நேரம் நின்ற என் பொம்மை அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அந்த நேரம் பார்த்து நிஜ அருவிப் பக்கம் விசில் சத்தம். தண்ணீர் கூடிவிட்டது, எல்லாரையும் வெளியேற்றுகிறார்கள். கூட்டம் திமுதிமுவென்று கடைப்பக்கம் வந்தது. போனை அப்படியே மூடிக் கூட்டாளியின் பைக்குள் போட்டேன். விளையாட்டிலிருந்து வெளியே வந்தேனா என்று யோசிக்க நேரமில்லை. துண்டுகளை அடுக்குவதுபோல் நின்றேன்.

கூட்டாளி வந்தான், நடுங்கிக்கொண்டு. அவன் பின்னால், என் அத்தை கடைத் துண்டைப் பாதியாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் வழி தடவிக்கொண்டு இன்னொருத்தன்.

சுந்தரபாண்டியபுரத்தான்.

"அண்ணே," என்றான் பல் கிடுகிடுக்க. "வண்டிய நிப்பாட்டிட்டு நேர அருவிக்கே போயிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னுதான் நெனச்சேன்."

"நீ... வீட்டுல இல்ல?"

"கம்ப்யூட்டர அணைக்க மறந்துட்டேண்ணே. போனும் வீட்டுலதான் கெடக்கு."

ஒரே துண்டின் இரண்டு முனைகளால் தலை துவட்டிக்கொண்டார்கள் இரண்டு பேரும். பொய் சொல்லக்கூடாது, அந்த நேரத்திலும் எனக்குப் பயத்தைவிட அந்தத் துண்டின் மேல்தான் எரிச்சல் அதிகமாக இருந்தது.

கூட்டாளி பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தான். அது துடித்துக்கொண்டே இருந்தது. குரூப்பில் நாற்பது செய்தி. ராணுவத்து அண்ணன் மட்டும் பத்து அனுப்பியிருந்தார். கூட்டாளி போர்டைத் திறந்து சத்தமாக வாசித்தான்.

"'கூட்டாளி மதகைத் திறந்தான்.' நானா? 'கூட்டாளி, சூரியகாந்தித் தோட்டம், இப்போது.'" நிமிர்ந்தான். "ஏலே, நான் இங்கன ஈரத்தோட நிக்கேன். இதுல நான் தோட்டத்துல நிக்கேன். எவம்லே அது?"

சுந்தரபாண்டியபுரத்தான் கண்ணைச் சுருக்கி அந்தத் திரையைப் பார்த்தான். "நான் உங்க பக்கத்துலதான நின்னேன். அப்போ..." என்று நிறுத்தினான். மரியாதையான பையன், மேலே சொல்லவில்லை.

அத்தைக்கு அந்த மரியாதை கிடையாது. "இதுல யோசிக்க என்ன இருக்கு? போன் யாருகிட்ட இருந்துச்சு? இந்த மூதிகிட்ட. துண்டு கேட்டு வந்தவுகளுக்கு எண்ணெயத் தூக்கிக் குடுத்துக்கிட்டு, அந்தப் போனையேதான் நோண்டிக்கிட்டு இருந்தான்."

கூட்டாளி என்னைப் பார்த்தான். அவன் கத்துவான், நான் ஏதாவது கிண்டல் அடிப்பேன், சிரித்து முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏம்லே?" என்றான்.

நாக்கு நுனியில் நாலு கிண்டல் இருந்தது. சீயக்காய் பொட்டலத்தை எடுத்து வைத்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்தேன்.

"நீ கேக்கவே மாட்டேங்கியே," என்றேன்.

"என்னத்த?"

"உள்ள யாரு இருக்கான்னு."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. சுந்தரபாண்டியபுரத்தான் துண்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அத்தை மட்டும், "இதுக்கா? இதுக்காலே அந்தப் பிள்ளை பூவப் பூரா அழிச்ச?" என்று கேட்டுவிட்டு ஒரு குடும்பத்துக்கு மங்குஸ்தான் எடுத்துக் கொடுக்கப் போனாள்.

"நட்டு வையி," என்றான் கூட்டாளி. "பூ எல்லாத்தையும். ஒன் கணக்குல. ஒத்தையில." போனைப் பைக்குள் போட்டான். போகும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துண்டைத் திருப்பிக் கொடுத்தான்.

நட்டேன். மதகை மூடி, வெள்ளத்தில் மிதந்துபோன பூக்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக. துண்டு விற்கும் நடுவில் ஒன்று, ரம்புட்டான் கொடுக்கும் நடுவில் ஒன்று. போர்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேர், பச்சைப் புள்ளி, 'சூரியகாந்தித் தோட்டம், 6 மணி நேரம்'. செங்கோட்டையான் குரூப்பில் எழுதினான்: "மதகு மன்னன் நாத்து நடுதான், எல்லாரும் குலவ போடுங்கலே." நான் எழுதியிருக்க வேண்டிய வரி அது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இரண்டாம் நாள் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு பொம்மை நட்டுக்கொண்டே வந்தது. சுந்தரபாண்டியபுரத்தான். அவன் எட்டுப் பூ வைக்கும் நேரத்தில் நான் மூன்று வைத்தேன். அவன் வரிசை கயிறு பிடித்த மாதிரி இருந்தது. என்னுடையது பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி. "ஒத்தையில நடச் சொன்னான்லா, போயிரு," என்று எழுதினேன். "என் தோட்டந்தானண்ணே," என்றான். இடையில் ஒருதடவை அவன் அசையாமல் நின்றான். போர்டில் அவன் புள்ளி மஞ்சளாக மாறியது. சொன்னபடியே திருத்தியிருந்தான். என் கண்டுபிடிப்பு அது என்று அதில் எங்கேயும் போடவில்லை.

நட்டு முடிந்த மறுநாள் காலை. பத்து மணி. கடையில் கூட்டமில்லை, சாரல் மட்டும். பழக்கதோஷத்தில் போனைக் கையில் வைத்திருந்தேன். குரூப்பில் ஒரு செய்தி விழுந்தது.

"உள்ள யாருலே இருக்கா?"

அவசரமாகத் திறந்தேன். கேட்டது கூட்டாளி இல்லை. போர்டைச் செய்தவனே கேட்டிருந்தான். 'லே' போட்டு எழுத அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். கேட்டுவிட்டுத் தனியாக எனக்கு ஒன்று போட்டான்: "சும்மா சொல்லுங்கண்ணே. போர்டுல கோழி தெரியாது."

அவனுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று ஐந்து நிமிடம் இருந்தேன். ஐந்து நிமிடத்துக்குமேல் என்னால் முடியாது.

"நானும் ஒரு கோழியும்," என்று எழுதினேன். "கோழி சூரியகாந்தித் தோட்டத்துல மேயுது. வரிசை நேரா இருக்கதுனால அதுக்கு வழி தப்பல. கண்ணாடி போடாம வந்தா ஓனருக்குத்தான் தப்பும்."

ராணுவத்து அண்ணன் சிரித்தார். செங்கோட்டையான் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, விசிறிப் பெட்டித் தூசி தட்டி முடித்திருப்பான் போல, கூட்டாளியிடமிருந்தும் ஒரு சிரிப்புப் படம் வந்தது.

அது என் பதிலுக்கா, கண்ணாடிக்காரன் கேட்ட கேள்விக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. கூட்டாளியைக் கேட்டால் சொல்வான். நான்தான் கேட்கவில்லை.